ஏரியின் வரவு செலவு

மைசூர் நகரத்து மண்டி மொஹல்லா, பெயருக்கேற்ப வாணிபத்தால் வளர்ந்த பகுதியாகும். பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டினின்றும் வந்து அந்நகரிலே வேரூன்றிவிட்ட நம்மவர்க்கு மண்டி என்னும் சொல் புதிதன்று. அரிசி மண்டி, வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி என்று நம் ஊர்களிலும் அது வழங்குகிறது. இரவிலே கடை அடைக்குமுன் பேரேட்டைத் திறந்து, அன்றைய வரவையும் செலவையும் நேர் பார்க்காத மண்டிக்காரர் இரார். வரவு மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போய், செலவுப் பக்கம் வெறுமையாய்க் கிடக்குமாயின், சரக்கு கிடங்கிலே தேங்கி அழுகத் தொடங்கிவிட்டது என்று அவர் கணத்தில் அறிவார்.

நகரத்தின் ஏரிகளுக்கும் இத்தகைய பேரேடு ஒன்று உண்டு. அதனை எழுதுவார் இல்லை. ஆயினும் கணக்கு மட்டும் தவறாமல் நடந்துவருகிறது. அக்கணக்கினைச் சிறிது புரட்டிப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

நகரின் மேற்கே, மானசகங்கோத்ரி என வழங்கும் பல்கலைக்கழக வளாகத்தை அடுத்துக் குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. கன்னடத்தில் 'கெரெ' என்பர். நம் 'ஏரி'யும் அதுவும் செய்யும் பணியால் ஒன்றே. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-ஆம் ஆண்டில், புறநகர் வயல்களுக்குப் பாசனம் தரும்பொருட்டு இது வெட்டப்பட்டது. பின்னர் ஒரு காலத்தில் நகரத்தார் பருகவும் இதன் நீர் உதவியது. கன்னட மகாகவி குவெம்புவும், சென்னையில் பிறந்து மைசூரைத் தம் ஊராக்கிக்கொண்ட ஆர். கே. நாராயணும் இதன் கரையில் உலாவியவர்கள். இன்றும் வைகறையில் நூற்றுக்கணக்கானோர் இங்கே நடக்கின்றனர். கூழைக்கடாக்கள் மரங்களிலே கூடமைத்துக் குஞ்சு பொரிக்கின்றன.

இவ்வளவு அழகிய ஏரி, ஆண்டின் சில பருவங்களில் பச்சைச் சாயம் கரைத்துவிட்டாற்போல் ஆகிவிடுகிறது. காற்று ஒதுக்கிய கரையோரம் அந்தப் பச்சை, கூழ்போலத் தடித்து நிற்கும். வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். நடக்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று சொல்லி அப்பால் செல்வர். கெட்டது உண்மைதான். ஆனால் அது கெட்ட விதத்தை விளங்கிக்கொண்டாலன்றிச் சீர்செய்யும் வழியும் விளங்காது. பட்டினியால் கெடும் உடலும் உண்டு. மிகையுணவால் கெடும் உடலும் உண்டு. பச்சையாகிப் போன ஏரி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பாசி என்பது மிகச் சிறிய பயிர். கதிரவன் ஒளியும், நீரில் கரைந்த கரியமில வாயுவும், சில உப்புக்களும் இருந்தால் அது வளர்ந்துவிடும். பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து வேண்டும் என்பது உழவர் குடியில் பிறந்த எவரும் அறிந்தது. தழைச்சத்து என்பது நைட்ரஜன். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். நல்ல நீரில் ஒளிக்குக் குறைவில்லை, கரியமில வாயுவுக்கும் குறைவில்லை. மணிச்சத்து மட்டுமே இயற்கையில் மிக அரிது. அரிதாக இருக்கும் பொருளே வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும். பத்து மூட்டை அரிசியும் ஒரே ஒரு கைப்பிடி உப்பும் உள்ள வீட்டில், எத்தனை பேருக்கு உணவு சமைக்கலாம் என்பதை உப்புத்தானே முடிவு செய்கிறது!

ஒரு கிராம் மணிச்சத்து ஏறத்தாழ ஐந்நூறு கிராம் ஈரப்பாசியை உண்டாக்கவல்லது. தழைச்சத்தோ எழுபது மடங்கு அளவே உண்டாக்கும் என்று ஏரியியல் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஒரு லிட்டர் ஏரிநீரில் மணிச்சத்து பத்து மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் அதனை ஊட்டம் குறைந்த தெளிநீர் என்பர். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முப்பத்தைந்தைத் தாண்டினால் அது ஊட்டம் மிகுந்த ஏரி. நூறைத் தாண்டினால் ஊட்டம் எல்லை கடந்தது. ஆகவே ஒரே ஒரு கிராம் மணிச்சத்து, பத்தாயிரம் லிட்டர் நீரை அந்தக் கடைசிப் படிக்கு ஏற்றிவிடப் போதும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கோ என்று ஐயுறுவோர்க்காக ஒரு சோதனையைக் கூறுவோம். கனடா நாட்டில், ஒண்டாரியோ மாநிலத்தின் காட்டுப்பகுதியில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. அவற்றுள் 226 என்ற எண்ணால் வழங்கும் ஏரியை, 1973-ஆம் ஆண்டில், டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் இடையே ஒரு திரையிட்டு இரு பாதியாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரிப்பொருளும் தழைச்சத்தும் இட்டனர். மறுபாதியில் அவ்விரண்டுடன் மணிச்சத்தையும் சேர்த்தனர். மணிச்சத்து பெற்ற பாதி பச்சையாகியது; மற்றது தெளிவாகவே இருந்தது. வானூர்தியிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவி, சோப்புத்தூளில் பாஸ்பேட் சேர்ப்பதைப் பல அரசுகள் கட்டுப்படுத்தத் துணைசெய்தது. சில நீர்நிலைகளில் தழைச்சத்தையும் சேர்த்துக் குறைத்தாக வேண்டும் என்ற வாதம் அறிஞரிடையே இன்றும் உண்டு. எனினும் நன்னீர் ஏரியில் முதற்கண் பார்க்கவேண்டுவது மணிச்சத்தே என்பதில் பெரும்பாலோர் ஒருமனப்படுகின்றனர்.

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். மணிச்சத்து எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நம் உடலிலிருந்தே வருகிறது என்பதைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை. நாம் உண்ணும் பருப்பிலும் தானியத்திலும் பாலிலும் மீனிலும் உள்ள மணிச்சத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம், ஒவ்வொருவரிடமிருந்தும் கழிவாக வெளியேறுகிறது. குடும்பத்திற்கு நால்வர் எனக்கொண்டால், ஆயிரம் குடும்பங்களின் ஒருநாட் கழிவில் நான்கு கிலோ. அத்தனையும் ஒரு குளத்தை அடையுமாயின் இரண்டு டன் பாசிக்கு அது உணவு. இதனுடன் சலவைத்தூள் சேர்ந்த நீர், மாட்டுத்தொழுவம் கழுவிய நீர், புல்வெளிக்கு இட்ட உரம், இறைச்சிக்கடைக் கழிவு, மழைக்காலத்தில் தெருக்குப்பையைக் கழுவிவரும் வெள்ளம் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்க.

முன்னாளில் குக்கரஹள்ளிக்கு மழைநீரைக் கொணர்ந்த பூர்ணையா வாய்க்கால், நகரம் பரவப் பரவத் தடைப்பட்டுப் போயிற்று. நல்ல நீர் வரும் வழி அடைபட்டது; சாக்கடை வரும் வழி திறந்துகொண்டது. இது மைசூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. மதுரை, கோவை முதலாக நம் பெருநகரங்களின் ஏரிகள் பலவற்றின் வரலாறும் இதுவே.

"கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றனவே!" என்று கேட்கலாம். இருக்கின்றன. மைசூரில் கேசரே, வித்யாரண்யபுரம், ராயனகெரே ஆகிய மூன்று இடங்களில் அவை அமைந்தன. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. வழக்கமான சுத்திகரிப்பு, கழிவிலுள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்களைக்கொண்டு சிதைத்து நாற்றத்தைப் போக்குவது. அப்பணியை அது நன்றாகவே செய்யும். மணிச்சத்தோ சிதைந்து காற்றில் போகும் பொருளன்று. நீரோடு கரைந்தே இருப்பது. அதன் பெரும்பகுதி சுத்திகரித்த நீருடனேயே வெளியே போய்விடும். கண்ணுக்குத் தெளிவாக, மூக்குக்கு நாற்றமின்றி இருக்கும் அந்நீர், பாசிக்கு மட்டும் பாயசம்போல் இனிக்கும். அதனைப் பிரித்தெடுக்கப் படிகாரமோ இரும்பு உப்போ இட்டு வீழ்படிவாக்கும் தனிப்படி ஒன்று வேண்டும். அல்லது மணிச்சத்தைத் தம்முள் சேமிக்கும் தனி நுண்ணுயிர்களை வளர்க்கவேண்டும். இரண்டுக்கும் பணம் செலவாகும். அந்தச் செலவை நகரங்கள் தள்ளிப்போடுவதில் வியப்பில்லை. ஆனால் தள்ளிப்போட்டுவிட்டு ஏரிக்கரையில் நீரூற்று அமைப்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

பாசி மிகுந்தால் என்ன, அதுவும் ஓர் உயிர்தானே, பகலில் பிராணவாயுவைத் தருகிறதே என்பாரும் உண்டு. பகலில் தருவது மெய். இரவிலோ பாசியும் மூச்சுவிடும். செத்த பாசி அழுகும்போது நுண்ணுயிர்களும் பிராணவாயுவை உறிஞ்சும். விடியுமுன் நீரில் அது மிகக் குறைந்துபோகும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து தவிப்பதும், செத்து மிதப்பதும் வைகறையில் காணப்படுவது அதனாலேதான். மேகம் மூடிய நாட்கள் தொடர்ந்து வந்தால் பகலிலும் ஈடுசெய்ய இயலாது. நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பெங்களூர் அல்சூரில், 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான மீன்கள் ஏரியில் மாண்டு மிதந்த காட்சி பலர் நினைவில் இருக்கும். கழிவுநீர் புகுந்து பிராணவாயு அற்றுப்போனதே அங்கும் காரணமாகக் கூறப்பட்டது.

பாசிகளுள் நீலப்பச்சை இனம் ஒன்று உண்டு. உண்மையில் அது பாசியன்று, ஒளியால் உணவாக்கும் ஒருவகை நுண்ணுயிர். வெப்பமான, ஊட்டம் மிகுந்த, அசைவற்ற நீரில் அதுவே ஆட்சி செய்யும். தன்னுள் சிறு காற்றறைகளை வைத்துக்கொண்டு மேலே மிதந்து, ஒளி முழுவதையும் தானே பெற்றுப் பிறவற்றை நிழலில் தள்ளிவிடும். அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. பிரேசில் நாட்டின் கருவாரு என்னும் ஊரில், 1996-ஆம் ஆண்டில், சிறுநீரகச் சிகிச்சைக்குப் பயன்பட்ட நீரில் இந்நஞ்சு கலந்திருந்தமையால் ஐம்பது நோயாளருக்கு மேல் உயிரிழந்தனர். அமெரிக்காவின் டொலீடோ நகரில், 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஈரி ஏரியில் பொங்கிய பாசியால் நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் சில நாட்கள் குழாய் நீரைப் பருகாதிருக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் இல்லத்தரசியர் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். நீரில் ஐயம் தோன்றினால் கொதிக்கவைத்துப் பருகுக என்பது நாம் வழிவழியாகக் கற்ற பாடம். காலரா, சீதபேதி முதலியவற்றின் கிருமிகளுக்கு அது மிகச் சரியான மருந்து. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுக்கோ அது பயன்படாது. கொதித்தால் நஞ்சு அழியாது. நீர் ஆவியாகி நஞ்சின் செறிவே கூடும். டொலீடோ மக்களுக்கு அரசு முதலில் சொன்ன எச்சரிக்கை, "கொதிக்கவைக்காதீர்கள்" என்பதே. மைசூரின் குடிநீர் இன்று ஏரிகளிலிருந்து வருவதன்று. காவிரியிலும் கபினியிலும் எடுக்கப்படுவது. ஆதலால் நகரத்தார் அஞ்சவேண்டியதில்லை. எனினும் பச்சைப் படலம் மூடிய குளத்தில் ஆடுமாடுகளையும் நாய்களையும் நீர் அருந்த விடலாகாது. குழந்தைகளை அதில் இறங்கவும் விடலாகாது.

நீலப்பச்சை இனம் முழுவதையும் பழிப்பது அறமாகாது. அதே இனத்தைச் சேர்ந்த ஸ்பைருலினாவை உணவாக வளர்க்கும் ஆராய்ச்சி, 1970-களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலேயே நடந்தது. சென்னையிலும் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் அதில் ஈடுபட்டது. அளந்து உப்பிட்டுத் தூய தொட்டியில் வளர்த்தால் அது புரதம் செறிந்த உணவு. அளவின்றிச் சாக்கடையை ஊட்டினால் அதன் உறவினர் வந்து சேர்வர்.

இனிச் செலவுப் பக்கத்துக்கு வருவோம். ஏரிக்குள் வந்த மணிச்சத்து எவ்வழியாக வெளியேறும்? பாசி அதனை உண்கிறது. பாசி செத்து அடியிலே படிகிறது. அதனோடு மணிச்சத்தும் சேற்றில் தங்கிவிடுகிறது. தமிழில் மண்டி என்னும் சொல்லுக்கு அடியில் படியும் கசடு என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? எண்ணெய்ச் செம்பின் அடிமண்டியை நம் பாட்டிமார் அறிவர். ஏரியின் கணக்கெல்லாம் இந்த அடிமண்டியில்தான் இருக்கிறது.

சேற்றிலே இரும்புச்சத்து உண்டு. பிராணவாயு உள்ளவரையில் அந்த இரும்பு மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். அடிநீரில் பிராணவாயு அற்றுப்போனால் பிடி தளர்ந்துவிடும். சிறைப்பட்ட மணிச்சத்து மீண்டும் நீரில் கரையும். பாசி மிகுந்தால் பிராணவாயு குறைகிறது. அது குறைந்தால் சேறு மணிச்சத்தை விடுகிறது. அதனை உண்டு பாசி மீண்டும் மிகுகிறது. வாங்கிய கடனை அடைத்த பின்னும் வட்டி நிற்காத நிலை இது.

இதற்கு இரண்டு நாடுகளின் அனுபவம் சான்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில், சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீர் விழுந்து பாசி பொங்கியது. 1963 முதல் 1968 வரை அக்கழிவு முழுவதையும் படிப்படியாக வேறுவழியில் திருப்பினர். ஏறத்தாழ ஒரு மீட்டருக்குமேல் உள்ளே பார்க்க இயலாதிருந்த நீர், சில ஆண்டுகளிலேயே பல மீட்டர் ஆழம் தெளிந்துவிட்டது. அது ஆழமான ஏரி. அடிச்சேற்றைக் காற்று கலக்க இயலாது. சுவீடன் நாட்டின் டிரம்மன் ஏரியோ ஏறத்தாழ இரண்டே மீட்டர் ஆழமுடையது. அங்கும் 1950-களின் இறுதியில் கழிவுநீரை நிறுத்தினர். பத்தாண்டுகள் கழிந்தும் ஏரி தெளியவில்லை. பிறகு 1970, 1971 ஆகிய ஈராண்டுகளில் ஆண்டுக்கு அரை மீட்டராக அடிச்சேற்றை அள்ளி வெளியேற்றினர். ஏரி பிழைத்தது. அள்ளிய சேற்றை உலர்த்தித் தோட்டமண்ணாக விற்றனர்.

நம் தென்னாட்டு ஏரிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. டிரம்மன் ஏரியில் செய்ததைப் படிக்கும்போது நமக்கு நம் ஊர்களின் பழைய வழக்கம் நினைவுக்கு வராமல் இராது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வயலில் இடுவர். குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் கூடி வாய்க்காலும் கரையும் செப்பனிடுவர். ஏரி ஆழப்படவும் வயல் செழிக்கவும் அவ்வாறு செய்தனர். மணிச்சத்து என்னும் சொல்லை அவர்கள் அறியார். ஆயினும் ஆண்டுதோறும் ஏரியின் செலவுப் பக்கத்தை நிரப்பிவைத்தவர்கள் அவர்களே. ஏரி மீனைப் பிடித்ததும், வரம்பில் மாடு மேய்ந்ததுங்கூடச் செலவுதான். நகரம் வளர்ந்து வயல் மறைந்தபின் வண்டலைக் கேட்பார் இல்லை. ஆலைக்கழிவும் கலந்த சேறாயின் வயலில் இடவும் ஒண்ணாது. உலோக நஞ்சு இல்லையெனச் சோதித்த பின்னரே இடுதல் வேண்டும்.

வேறு சிகிச்சைகளும் செய்யப்படுகின்றன. மயில்துத்தத்தைத் தெளித்தால் பாசி இரண்டொரு நாளில் சாகும். ஆனால் செத்த பாசியின் நஞ்சும் மணிச்சத்தும் நீருக்கே திரும்பும். நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பது நாற்றத்தைச் சிறிது தணிக்கலாம். மிதவைகளில் கல்வாழையும் வெட்டிவேரும் வளர்ப்பது நல்லதே. ஆனால் வளர்ந்ததை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் அது செலவாகும். அங்கேயே மடியவிட்டால் வரவாகவே நின்றுவிடும். ஆகாயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவிப்பதும் அத்தகையதே. முதல் மழையில் அதன் சாறு மீண்டும் ஏரிக்கே போய்ச்சேரும்.

மைசூர் இரு நதிகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலம். நகரின் வடக்குச் சரிவு நீர் காவிரியையும் தெற்குச் சரிவு நீர் கபினியையும் நோக்கிச் செல்வது. இரண்டு நதிகளும் திருமகூடலு நரசிபுரத்தில் கூடுகின்றன. பெங்களூரின் கழிவில் ஒரு பங்கு விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியில் விழுகிறது. எல்லாம் ஒகேனக்கல்லைக் கடந்து, 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் தங்குகின்றன. அணை நீரில் பச்சைப் படலம் மிதந்து நாறுவதாகக் கரையோர ஊரார் முறையிட்டதும், அதிகாரிகள் படகில் சென்று கரைசல் தெளித்ததும் அண்மை ஆண்டுகளில் பலமுறை செய்தியாக வந்தவை. வழிநெடுக வயல்களிலிருந்து கழுவிவரும் உரத்திற்கும் அதில் பங்குண்டு. ஒரு நகரத்தின்மேல் மட்டும் பழிசுமத்துவது முறையாகாது. ஆயினும் மண்டி மொஹல்லாவில் ஒருவர் கழுவிவிட்ட சலவைநீரின் மணிச்சத்து, சேலத்திலுள்ள அவருடைய தமையனார் வீட்டு வாசல்வரை வரக்கூடும் என்பது கற்பனையன்று. தண்ணீரின் அளவைப்பற்றி இரு மாநிலத்தாரும் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறோம். அந்தத் தண்ணீரில் கரைந்து வருவதைப்பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

ஏரியின் நிலையை அறியப் பெரிய ஆய்வுக்கூடம் எப்போதும் வேண்டுமென்பதில்லை. இத்தாலிய வானநூலறிஞரான செக்கி பாதிரியார் 1865-ஆம் ஆண்டில், அதாவது குக்கரஹள்ளி ஏரி உண்டான மறு ஆண்டில், ஒரு வெண்தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். உலகமெங்கும் ஏரிகளை இன்றும் அவ்வாறே அளக்கின்றனர். சாண் விட்டமுள்ள வெள்ளைத் தட்டு, அடியில் கட்ட ஒரு கல், கணு கணுவாகக் குறியிட்ட கயிறு, ஒரு குறிப்பேடு இவையே கருவிகள். பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் இளைஞர் நால்வர், ஏரியைப் பராமரிப்போரின் இசைவு பெற்று, மாதம் இருமுறை நண்பகலில் ஒரே இடத்தில் அளந்து எழுதிவரலாம். தட்டு ஒன்றரை மீட்டருக்குள் அடிக்கடி மறைந்துவிடுமாயின் ஊட்டம் மிகமிக ஏறிவிட்டது என்று கொள்ளலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் அளவெடுத்தல் கூடாது. மண் கலங்கிய நீரைப் பாசியென்று மயங்க நேரும்.